படுவான்கரைச் சங்கம் ஒன்றில் கணினி மொழி அமைப்பால் வந்த கோளாறு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சிக்கனக் கடன் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வேளாண்மைக் குடும்பங்கள். பாதிக்கு மேல் பெண்கள். மாரிப் போகத்துக்கு விதைப்புத் தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் கடன் அதிகமாகப் போகும். ஓர் அறை, ஒரு முகாமையாளர், ஓர் எழுதுவினைஞர், இரண்டு கணினி, ஒரு டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். சங்கம் அவ்வளவுதான்.

கணக்கு மென்பொருள் பழையது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விசுவல் பேசிக்கில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது வெளிநாட்டில். திரையில் எல்லாம் ஆங்கிலம். உறுப்பினர் பெயரும் ஊரும் மட்டும் தமிழ், அதுவும் பாமினி எழுத்துருவில். பாமினியில் அடித்த பெயர் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு அதன் மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது, விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசொப்டும் தமிழை ஆதரிக்கிறது. ஆனாலும் நம் பக்கத்து அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினியிலேயே ஓடின. இந்தச் சங்கமும் அப்படித்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் இடி மின்னலோடு பழைய கணினி போய்விட்டது. தரவுக் கோப்பின் நகல் முதல் நாள் மாலை பென் டிரைவில் எடுத்திருந்ததால் கணக்கு தப்பியது.

புதிய மடிக்கணினியும் பிழை 52உம்

விண்டோஸ் 11 போட்ட மடிக்கணினி ஒன்று வாங்கினார்கள். முதல்முறை திறந்தபோது பயனர் பெயர் கேட்டது. எழுதுவினைஞரான தங்கச்சி சங்கத்தின் பெயரைத் தமிழிலேயே அடித்தார். திரை மொழியையும் தமிழுக்கு மாற்றினார். தமிழ்ச் சங்கத்துக்கு வாங்கிய கணினியில் தமிழ் இருக்கவேண்டும் என்று நினைத்தார். சரியான நினைப்பு.

பழைய மென்பொருளை நிறுவித் திறந்தபோது, கோப்புப் பெயர் பிழை, எண் 52 என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தது. பயனர் பெயரைத் தமிழில் கொடுத்தால் விண்டோஸ் அதே பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கும். தற்காலிகக் கோப்புகளும் அதற்குள்தான் போகும். மென்பொருள் திறக்கும்போது அங்கே ஒரு சின்னக் கோப்பை எழுதப் பார்க்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பழைய நிரல்களுக்கு யூனிகோட் தெரியாது. 256 இடம் கொண்ட ஓர் எழுத்துப் பலகைதான் அவற்றுக்கு உலகம். ஆங்கில விண்டோஸில் அந்தப் பலகையின் எண் 1252. அதில் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. ஆகவே கோப்புறையின் தமிழ்ப் பெயரில் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி விழுந்தது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது. அதுதான் பிழை 52.

ஒரு டிக்

நகரத்தில் கணினி திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற பகுதியைத் திறந்து, யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை மாற்றும் பட்டனை அழுத்தினால், உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து என்று ஒரு சின்னப் பெட்டி வரும். பீட்டா என்று அதன் முன்னால் எழுதியிருக்கும். 2018இல் விண்டோஸ் 10இல் வந்த வசதி. யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் ஒரு முறை. அவர் அதில் டிக் போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்தார். மென்பொருள் திறந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்னால் இருந்த பிழை ஒன்று, அது போய்விட்டது, வாசலில் வேறு வேலை காத்திருந்தது. ஆனால் அந்த டிக் ஒரு நிரலுக்கு மட்டும் போடும் டிக் இல்லை. கணினியில் உள்ள எல்லாப் பழைய நிரல்களின் காலடியிலும் பலகையை 1252இலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றுகிறது. இன்னொன்று: புதிதாக வந்த அந்தக் கணினியின் பிராந்திய வடிவம், அதாவது திகதியும் எண்ணும் எழுதும் முறை, அமெரிக்க ஆங்கிலமாகவே இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் வந்த மூன்று முறைப்பாடுகள்

நவம்பர் 30ஆம் திகதி முகாமையாளர் எனக்குப் போன் எடுத்தார். மூன்று பிரச்சினை சொன்னார். அவர் மனதில் ஒன்றுதான் பெரிசு. மேற்பார்வை அலுவலகத்துக்கு உறுப்பினர் பட்டியலை யூனிகோட் தமிழில் அனுப்பவேண்டும், மூன்று நாள்தான் இருக்கிறது, கோப்பு முழுக்கக் குப்பையாகக் கிடக்கிறது. இரண்டாவது, அன்றாடக் காசுச் சுருக்கம் அச்சில் கோணல்மாணலாக வருகிறது. மூன்றாவதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஒரு அம்மா வட்டி கூட எண்டு வந்து நிக்கிறா. வயசான மனிசி, திகதியை மறந்திருப்பா."

அடுத்த நாள் காலையில் மண்முனைப் பாலத்தால் அக்கரை போனேன். 2014இல் பாலம் திறப்பதற்கு முன் இதே வேலைக்குப் பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்திருக்கவேண்டும். நான் போனபோது அந்த அம்மா வாங்கில் உட்கார்ந்திருந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய பாஸ் புத்தகம் மடியில்.

"மகன், நான் புரட்டாசியிலதான் காசெடுத்தன். இதில ஆனியிலிருந்து வட்டி போட்டிருக்கு. ஆனி மாசம் நான் இந்தச் சங்கத்தில ஆளே இல்ல. ஆவணியிலதான் சேர்ந்தன்."

எல்லாவற்றுக்கும் திறவுகோல் அந்த அம்மாவின் பேச்சில்தான் இருந்தது. கடன் 40,000 ரூபாய், வருட வட்டி நூற்றுக்கு 12. கைப்பட எழுதிய பாஸ் புத்தகத்தில் ஒக்டோபர் 7. நவம்பர் 30 வரை 54 நாள், வட்டி 710 ரூபாய். கணினி அச்சிட்ட தாளிலோ 143 நாள், 1,880 ரூபாய்.

தொடாமல் பார்த்தது

முதலில் இரண்டு கணினியிலும் ஒருவரும் எதையும் அடிக்கவோ சேமிக்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தரவுக் கோப்பு, பென் டிரைவில் கிடந்த எல்லாம், குப்பை என்று சொன்ன கோப்புகள் உட்பட, என்னுடைய வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். குப்பைக் கோப்பை ஏன் எடுக்கிறீர்கள் என்று முகாமையாளர் கேட்டார். அது குப்பைதானா என்று இன்னும் தெரியாது என்றேன்.

மடிக்கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து சி, எச், சி, பி என்ற நான்கு எழுத்தை அடித்தேன். கட்டளைத் திரைக்கென்று வேறொரு பலகை உண்டு; சாதாரண அமெரிக்க ஆங்கில விண்டோஸ் என்றால் அதன் எண் 437 என்று பதில் வரும். இங்கே 65001 வந்தது. யூடிஎஃப்-8இன் எண் அது. டிக் போட்ட கதை அப்போதுதான் வெளியில் வந்தது.

காசுச் சுருக்கத்தின் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பழைய நிரல் அட்டவணைக் கோடுகளை எழுத்துகளாகவே அச்சிடும். பிரிண்டரின் 437 பலகையில் 196ஆம் இடம் ஒரு கிடைக்கோட்டுத் துண்டு. இப்போது அந்த ஒவ்வொரு துண்டுக்கும் பதில் மூன்று குறிகள்: கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று, பக்கத்தில் மூலைக்கோடு இரண்டு. வரி முழுக்க அதே மூன்றும் திரும்பத் திரும்ப. யூடிஎஃப்-8இல் 196 என்ற எண் தனியே நிற்க முடியாது. தனியே கண்டால், இது என்னவென்று புரியவில்லை என்பதற்கான மாற்றுக்குறியைப் போடும். அந்த மாற்றுக்குறி மூன்று பைட்; பழைய பலகையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான். ஒரு பைட் இருந்த இடத்தில் மூன்று வந்ததால் தொகைகள் எல்லாம் வலப்பக்கம் தள்ளுண்டு தாளுக்கு வெளியே போயிருந்தன. ஒன்று மூன்றாகப் பெருகினால் யூடிஎஃப்-8ஐச் சந்தேகிக்கலாம் என்பது எனக்குப் பழகிப்போன அடையாளம்.

எதை முதலில் திருத்துவது

முகாமையாளர் பட்டியல்தான் முதலில் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டியல் பிந்தினால் ஒரு மன்னிப்புக் கடிதம் போதும். திகதி பிழைத்திருந்தால் அது ஒவ்வொரு நாளும் உறுப்பினர்களின் காசைத் தின்கிறது. இன்னொரு காரணமும் இருந்தது: எழுத்துக் கெட்டால் பார்க்கிற எவருக்கும் தெரியும், கெட்ட திகதியோ நல்ல திகதி மாதிரியே இருக்கும். கொஞ்சம் வாக்குவாதப்பட்டோம். கடைசியில் அந்த அம்மாவின் பாஸ் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்ததும் அவர் சரி என்றார்.

திகதிகள்

தங்கச்சி ஒக்டோபரிலேயே ஒரு விடயத்தைக் கவனித்திருந்தார். "அண்ணா, 7ஆம் திகதி போட்டா அப்படியே நிக்கும். 25 போட்டா மாதம் முன்னால வந்துரும். திரும்பத் திரும்ப மாத்தினன், நிக்குதில்ல. அதனால 12க்கு மேல வாற திகதியெல்லாம் பிழை எண்டு ஒரு தாளில குறிச்சு வச்சிருக்கன்."

நடந்தது அதற்கு நேர் எதிர். பெட்டியில் நாம் நாளை முதலில், மாதத்தை அடுத்து அடிக்கிறோம். கணினியின் பிராந்திய வடிவம் அமெரிக்கா என்றால் மென்பொருள் முதலில் வருவதை மாதம் என்று எடுக்கும். 07/10 என்று அடித்தால் ஜூலை 10 என்று பதியும். அதைத் திரும்பக் காட்டும்போதும் அமெரிக்க முறையில் 7/10 என்றே காட்டும். அடித்ததும் தெரிவதும் ஒன்று. யாருக்குச் சந்தேகம் வரும்?

25/10 என்று அடித்தால் 25ஆம் மாதம் இல்லை. விசுவல் பேசிக் அந்த இடத்தில் பிழை சொல்லி நிற்காது. தானாகவே புரட்டி ஒக்டோபர் 25 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். காட்டும்போது 10/25 என்று காட்டும். ஆக, திரையில் கோணலாகத் தெரிந்தவை அத்தனையும் உள்ளே சரி. ஒழுங்காகத் தெரிந்தவை பிழை. தங்கச்சி இரண்டு மாதமாகச் சரியானதைத் திருத்தப் பாடுபட்டிருக்கிறார், பிழையானதை நம்பியிருக்கிறார். அவருடைய கவனத்தில் குறையே இல்லை. அவர் குறித்து வைத்த தாளைப் பார்த்ததும்தான் எனக்கே இது பிடிபட்டது.

பிராந்திய வடிவத்தை மாற்றினேன். தமிழ், இலங்கை என்ற தெரிவும் விண்டோஸில் உண்டு. ஆனால் அதில் திகதி சிறு கோட்டால் பிரியும்; இந்த மென்பொருளோ சாய்கோட்டை எதிர்பார்த்து எழுதியது. எனவே ஆங்கிலம், ஐக்கிய இராச்சியம் என்று வைத்தேன். வைத்ததும் அந்த அம்மாவின் கடன் திகதி 10/07 என்று திரையில் வந்து நின்றது. முகாமையாளர் எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வாங்கில் இருந்த அம்மாவிடம் போய், "அம்மா, பிழை எங்கட பக்கம்" என்றார்.

பதிந்தவற்றை எப்படித் திருத்துவது என்பதில் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒக்டோபரிலிருந்து பதிந்தவற்றில் நாள் 12க்கு உட்பட்ட எல்லாவற்றையும் நிரலெழுதி ஒரேயடியாகப் புரட்டலாம். வேகமான வழிதான். ஆனால் தங்கச்சி சிலவற்றை இரண்டு மூன்று தரம் மாற்றி அடித்திருந்தார். அவற்றில் எது எந்த நிலையில் நிற்கிறது என்று கணினியால் சொல்ல முடியாது. காபன் தாள் வைத்துக் கையால் எழுதிய பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. அதுதான் உண்மை. முகாமையாளர் சீட்டை வாசிக்க, தங்கச்சி திரையில் பார்த்துச் சொல்ல, நான் ஒரு கொப்பியில் முன் எண்ணையும் பின் எண்ணையும் எழுத, 143 பதிவைப் பார்த்து முடித்தோம். 51 பிழை. 10/10, 11/11 போன்றவை எப்படிப் புரண்டாலும் ஒன்றுதான் என்பதால் தப்பின. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கினோம், கணக்காய்வில் கேட்டால் காட்டுவதற்கு.

அந்த அம்மாவின் வட்டி 710 ஆனது. கூடுதலாக வந்திருந்த 1,170 ரூபாயை அவர் கட்டியிருக்கவில்லை. கட்டமாட்டேன் என்று நின்றதால்தான் இது வெளியே வந்தது. வேறு நான்கு பேர் கேட்காமலே கட்டியிருந்தார்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி அன்றே எழுதி வைத்தோம்.

பயனர் கணக்கும் கோப்புறையும்

அடுத்து அந்த டிக்கை எடுக்கவேண்டும். எடுத்தால் பிழை 52 திரும்ப வரும். ஆகவே முதலில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துப் புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்தேன். இருக்கிற கணக்கின் பெயரை மாற்றினால் போதாதா என்று முகாமையாளர் கேட்டார். போதாது. திரையில் தெரியும் பெயர் மாறும், உள்ளே கோப்புறையின் பெயர் முதலில் வைத்ததாகவே இருக்கும். தரவுக் கோப்பை சி டிரைவில் நேராக ஒரு கோப்புறைக்கு மாற்றி, டிக்கை எடுத்து, மறுதொடக்கம் செய்தேன். மென்பொருள் திறந்தது. காசுச் சுருக்கம் நேர்க்கோட்டோடு வந்தது.

அங்கே நான் ஒரு தவறு செய்தேன். பிராந்திய வடிவத்தைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டேனே என்று இருந்துவிட்டேன். பலகை கணினி முழுவதற்கும் ஒன்று; பிராந்திய வடிவமோ பயனருக்குப் பயனர் வேறு. புதிய கணக்கு மறுபடி அமெரிக்க வடிவத்தோடு பிறந்திருந்தது. சோதனைக்கு ஒரு 25ஆம் திகதியை அடித்துப் பார்த்தபோது அது புரண்டதால் பிடிபட்டது. ரீஜன் பகுதியில் இந்த அமைப்பைப் புதிய கணக்குகளுக்கும் நகலெடு என்று ஒரு வசதி உண்டு. அதை முதலே செய்திருக்கவேண்டும்.

இந்த வேலை நடக்கும்போது தங்கச்சி பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டார்: "தமிழில பேர் வச்சது என்ட பிழைதானே அண்ணா?"

இல்லை என்று சொன்னேன், இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். லாங்வேஜ் செட்டிங் என்று நாம் ஒரே பேச்சில் சொல்லிவிடுவதற்குள் ஐந்து விடயம் இருக்கிறது. திரையின் மொழி ஒன்று. விசைப்பலகை ஒன்று. திகதியும் எண்ணும் எப்படி எழுதப்படும் என்ற பிராந்திய வடிவம் ஒன்று. பழைய நிரல்களுக்கான எழுத்துப் பலகை ஒன்று. பயனர் கோப்புறையின் பெயர் ஒன்று. இவற்றில் முதல் இரண்டும் எத்தனை தமிழாக இருந்தாலும் எந்த நிரலுக்கும் கேடில்லை. கோளாறு கண்டதும் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்று என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படி மாற்றியிருந்தால் இந்தத் திகதிப் பிழை போயிருக்காது, ஏனென்றால் அது வந்ததே ஆங்கில அமைப்பிலிருந்துதான். புதிய கணக்கிலும் திரை மொழியைத் தமிழாகவே வைத்துக் கொடுத்தேன்.

பெயர்ப் பட்டியல்

இனிப் பட்டியல். இதற்குள் இரண்டு கோப்பு.

முதல் கோப்பில் 412 பேர். மென்பொருளிலிருந்து சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எடுத்தது. எடுத்ததும் சிலருடைய அடையாள அட்டை இலக்கம் ஊர் இருக்கும் நிரலுக்கு, அதாவது அட்டவணையின் நெடுக்கு வரிசைக்கு, போயிருந்தது, எல்லாருக்கும் இல்லை. இராசம்மா, இளையதம்பி, இந்திராணி. பெயர்களை வரிசையாகப் பார்த்தால் காரணம் தெரியும். பாமினியில் இ என்ற எழுத்து உட்கார்ந்திருப்பது காற்புள்ளியின் இடத்தில். எழுத்துரு இருந்தால் அது இ. கோப்பைப் பிரிக்கும் எக்செலுக்கு அது காற்புள்ளி. இ வருகிற இடத்தில் எல்லாம் ஒரு நிரல் கூடிவிடும்.

பிறகு தங்கச்சி முழுத் தாளையும் ஒரு பாமினி மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினார். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும். பாமினியில் வி என்பது ஏ, எக்ஸ் என்பது ஓ. மாற்றிக்கு எது பெயர், எது இலக்கம் என்று தெரியாது. அத்தனை பழைய இலக்கமும் ஏகாரத்திலோ ஓகாரத்திலோ முடிந்தன. அவர் ஏகாரத்தை முழுக்க வியாக மாற்றச் சொல்ல, ஏகாம்பரத்தின் பெயர் வியில் தொடங்கியது. இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து இரண்டு இரவு இருந்து கையால் திருத்தி, மடிக்கணினியில் சிஎஸ்வியாகச் சேமித்தார். அப்போது டிக் இருந்ததால் கோப்பு யூடிஎஃப்-8 ஆகவே போனது.

அதை அச்செடுக்க இரண்டாவது கணினிக்குக் கொண்டுபோனார். விண்டோஸ் 10, டிக் இல்லை, பலகை 1252. எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு வேறொரு குறி. மறுபடி அதே ஏ, வட்ட ஆர், வேறொரு குறி. இடையிடையே வட்ட ஆருக்குப் பதில் ஒரு மேற்கோடு. அவர் எழுத்துரு இல்லை என்று நினைத்து லதாவை, நிர்மலாவை எல்லாம் போட்டுப் பார்த்தார். மாறவில்லை. நல்லவேளை, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்தியிருந்தார்.

அந்த மூன்று குறியும் சொல்லும் செய்தி நல்ல செய்தி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், அதோடு சேரும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று: உயிரும் மெய்யும், காலும் (ா) விசிறியும் (ி) வந்தால் வட்ட ஆர், கொம்பு, உகரம், புள்ளி வந்தால் மேற்கோடு. ஒழுங்கு குலையாமல் மும்மூன்றாக வருகிறது என்றால் எழுத்து முழுசாக உள்ளே இருக்கிறது, வாசிக்கிற பலகைதான் பிழை. எக்செலின் டேட்டா பகுதியில் கோப்பிலிருந்து எடு என்ற வழியில் போய், மூலம் 65001 என்று தெரிந்தேன். 412 பெயரும் வந்தன. தங்கச்சி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

என் சொந்த மடிக்கணினியில் ஒரு சின்னப் பைத்தன் நிரலால் அதே கோப்பைச் சரிபார்த்தபோது அது முதல் வரியிலேயே நின்றது. குறிமுறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்துவிட்டேன். என் பைத்தன் அப்போது 1252ஐ எடுத்துக்கொண்டது. அந்தப் பலகையில் ஐந்து இடம் வெறுமை, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் சொன்னால்: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழின் உகரக் குறி 81இல் முடிகிறது, புள்ளி 8டியில், ஏ 8எஃப்பில், ஐ 90இல். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை பெயர் எழுதிவிட முடியும்? அதனால்தான் 1252இல் திறந்த தமிழ்க் கோப்பில் பைத்தன் அநேகமாக முதல் வரியைத் தாண்டாது. யூடிஎஃப்-8 என்று குறிமுறையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது கோப்பு பார்க்கத் துப்புரவாக இருந்தது. ஒரு கிராமத்திலிருந்து இந்தப் போகத்தில் புதிதாகச் சேர்ந்த 64 பேர். இரண்டாவது கணினியிலேயே யூனிகோடில் நேராக அடித்து, சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்து மூடியிருந்தார். மூடும்வரை திரையில் தமிழ் அழகாக இருந்தது, எக்செல் அப்படித்தான். மறுநாள் திறந்தபோது பெயர் நிரல் முழுக்கக் கேள்விக்குறி. வரிசை குலையவில்லை, இலக்கங்கள் சரி, அதனால் இதைச் சுலபமாகத் திருத்தலாம் என்று முகாமையாளர் நம்பியிருந்தார்.

திருத்த முடியாது என்று சொல்லவேண்டியிருந்தது. சேமிக்கும்போது எக்செல் 1252 பலகையில் தமிழைத் தேடிக் காணாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்விக்குறியையே எழுதிவிட்டது. கோப்பின் உள்ளே இருப்பதும் கேள்விக்குறிதான்; அதற்குப் பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. எக்செலின் சொந்த வடிவத்தில் ஒரு நகலும் இல்லை. தற்காலிகக் கோப்புகளில் ஒரு மணித்தியாலம் தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகு நடந்தது

64 பேரின் விண்ணப்பப் படிவங்கள் அலுமாரியில் இருந்தன. ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, ஒரு பின்னேரம் போனது. இம்முறை எக்செல் கோப்பாக முதலில் சேமித்து, அதிலிருந்து சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தெரிவில் அனுப்பும் நகலை எடுத்தோம். அந்தத் தெரிவு கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். எந்தக் கணினியில் இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் எக்செல் தமிழைத் தமிழாக எடுக்கும். பட்டியல் இரண்டு நாள் பிந்திப் போனது. ஏற்றுக்கொண்டார்கள்.

மென்பொருளின் பெயர்களை முழுக்க யூனிகோடாக மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்த நிரலுக்கு யூனிகோடை எழுதவும் தெரியாது, காட்டவும் தெரியாது. வருட முடிவுக் கணக்கு முடியும்வரை அது பாமினியிலேயே இருக்கட்டும், வெளியே அனுப்புவதை மட்டும் மாற்றுவோம் என்று தீர்மானித்தோம். சிஎஸ்வியாக எடுப்பதை நிறுத்தி, தரவுக் கோப்பை எக்செலோடு நேராக இணைத்தோம். காற்புள்ளிப் பிரிப்பே இல்லாததால் இராசம்மாவும் இளையதம்பியும் தங்கள் நிரலில் நிற்கிறார்கள். மாற்றியில் பெயர் நிரலும் ஊர் நிரலும் மட்டும் போகும், இலக்கம் போகாது.

அந்த நான்கு பேருக்கும் காசு திரும்பிப் போனது. கேட்டு வந்த அம்மாவுக்கு முகாமையாளர் புதிய வட்டித் தாளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

இனி வேறாகச் செய்வது

புதிய கணினியில் கணக்கு மென்பொருளைப் போட்டால், வேலை தொடங்குமுன் ஒரு பொய்க் கடனைப் பதிந்து பார்க்கிறேன். திகதி 7 ஒன்று, 25 ஒன்று. பதிந்ததைத் திரையில் பார்ப்பதில்லை. வட்டி நாள் எத்தனை என்று கேட்டு விரலால் எண்ணிப் பார்க்கிறேன். பெயர் இகரத்தில் தொடங்குவதாக ஒன்று, ஏகாரத்தில் ஒன்று. இந்த நான்கையும் சங்கத்திலும் ஒரு தாளில் எழுதி மடிக்கணினியின் மேல் சுவரில் ஒட்டினோம். முன்பே இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் 51 பதிவில் ஒன்றுகூடப் பிழைத்திருக்காது.

உறுப்பினர் ஒருவர் கணக்குப் பிழை என்று வந்தால், அவர் மறந்திருப்பார் என்று தொடங்காமல் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது என்று முகாமையாளர் தாமாகவே கூட்டத்தில் சொல்லிப் பதிவேட்டில் எழுதுவித்தார். அவர் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம்: ஸகரத்தோடு ஒன்று, 2005இல் சேர்ந்த ஶகரத்தோடு ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பாமினி மாற்றி ஒரு வழியில் தருகிறது, தங்கச்சியின் விசைப்பலகை மற்ற வழியில் தருகிறது. ஸ்ரீதரன் என்று தேடினால் இருக்கிற மூன்று ஸ்ரீதரனில் இருவர்தான் வருகிறார்கள். பட்டியலில் இப்படி ஏழு பெயர் இருக்கிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் அவற்றை ஒரே வழிக்குக் கொண்டுவருவதாகத் தங்கச்சி பொறுப்பெடுத்திருக்கிறார்.